புதிய கட்சியில் சேர்ந்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

புதிய கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் "பழைய கட்சிகள் மேல் வெறுத்துப்போனவர்கள் நம்மிடம் வராமல் வேறு எங்கே போவார்கள்?" என்று கேட்டிருந்தாயே, அங்கேதான் எனக்குக் கவலை. அவர்கள் எங்கேயும் போக வேண்டாம். ஓட்டுப் போடாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

புதிய கட்சியாலும் ஜெயிக்க முடியும், அதில் சந்தேகமில்லை. ஆந்திராவில் நடிகர் என்.டி.ராமராவ் 1982 மார்ச்சில் தெலுங்கு தேசம் தொடங்கினார், அடுத்த ஜனவரியில் முதலமைச்சர் ஆனார். 2012இல் பிறந்த ஆம் ஆத்மி 2015இல் டெல்லியின் 70 தொகுதிகளில் 67ஐ அள்ளியது. கோபத்துக்கு அவ்வளவு பலம் உண்டு.

ஆனால் கோபத்தில் விழுந்த ஓட்டு அடுத்த தேர்தலுக்கும் நிற்குமா? இத்தாலியின் ஐந்து நட்சத்திர இயக்கத்தைப் பார். பழைய கட்சிகள் எல்லாவற்றையும் சாடித்தான் வளர்ந்தது. 2018இல் சுமார் 32 சதவீத ஓட்டு வாங்கி முதலிடம் பிடித்தது. அப்புறம் வலதுசாரிகளோடு ஓர் ஆட்சி, அது கவிழ்ந்ததும் அதுவரை திட்டித் தீர்த்த ஜனநாயகக் கட்சியோடு இன்னோர் ஆட்சி. 2022இல் சுமார் 15 சதவீதம்தான். நம்பி வந்தவர்களில் பாதிப்பேர் கைவிட்டுப் போய்விட்டார்கள்.

வீடு வீடாகப் போகும்போது ஒன்றைக் கவனி. வாசலில் நிற்க வைத்துச் சண்டை போடுகிறவருக்கு இன்னும் அரசியல் மேல் நம்பிக்கை இருக்கிறது. நோட்டீஸை வாங்கிக்கொண்டு "சரிப்பா, பார்க்கலாம்" என்று கதவைச் சாத்துகிறவர்தான் நிஜமாகவே வெறுத்துப்போனவர். அவரிடம் கொள்கை விளக்கம் எடுபடாது. எந்த மனு கிடப்பில் கிடக்கிறது என்று கேள், எழுதிக்கொள், தேர்தல் இல்லாத மாதத்திலும் போய் நில். வேலை முடியாவிட்டால் முடியவில்லை என்றே சொல். அதைக்கூட அவரிடம் யாரும் சொன்னதில்லை.

இவ்வளவும் செய்தபின், சீட் கிடைக்காமல் கட்சி தாவி வந்த ஒருவரை உங்கள் தலைமை வேட்பாளர் ஆக்கினால் உன் உழைப்பு ஒரே நாளில் வீண். பயமே அதுதான்.

உங்கள் கட்சியில் வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? நன்கொடைக் கணக்கை உன்னைப் போன்ற தொண்டன் பார்க்க முடியுமா? இந்த இரண்டையும் தலைமையிடம் கேட்டுவிட்டு, கிடைத்த பதிலை அப்படியே எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்