பழைய டீம் போட்டோவுல பேர் எழுதி வைங்க, அதையும் சீக்கிரம் பண்ணுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பத்திரிகையில பழைய காலேஜ் ஃபுட்பால் டீம்களைப் பத்தி எழுதி, வாசகர்கள் வீட்டுல இருக்கிற போட்டோ, ஜெர்சி, கப் எல்லாத்தையும் பத்திச் சொல்லச் சொல்லியிருந்தீங்க. நான் தென்னாப்பிரிக்கா டர்பன்ல, சாட்ஸ்வொர்த்ல இருந்து எழுதுறேன். ரிட்டயர் ஆன டீச்சர். இங்க எங்க தலைமுறையில தமிழ் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க குறைச்சல், எனக்கு எங்க ஆயா கட்டாயப்படுத்திக் கோயில் வகுப்புக்கு அனுப்புனதால வந்தது. உங்க ஊர் வாசகர்கள்கிட்ட நேரா கேட்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு, அதுக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்க அப்பா சாஸ்திரி காலேஜ்ல படிச்சவர், காலேஜ் டீம்ல லெஃப்ட் விங் ஆடினவர். காலேஜ்னு பேர் இருந்தாலும் அது ஹைஸ்கூல்தான், கூடவே வாத்தியார் டிரெய்னிங்கும் அங்க நடந்துச்சு. 1929-ல திறந்தாங்க. வலங்கைமான்ல பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசாங்கத்தோட ஏஜென்ட்டா 1927-ல இங்க வந்தார் இல்லையா, அவர் எடுத்த முயற்சி அது. கவர்மென்ட் நம்ம பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு குடுக்கல, அதனால நம்ம ஜனங்களே, கரும்புத் தோட்டத்துல ஒப்பந்தம் முடிச்சு வந்தவங்களும் கடை வச்சவங்களும், காசு போட்டுக் கட்டினாங்க. எத்தனையோ வக்கீல், டாக்டர், போராட்டக்காரங்க அங்கிருந்து வந்தாங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அதைப் பத்திப் புத்தகமும் இருக்கு. ஆனா அந்தப் பசங்க சாயங்காலம் என்ன விளையாடினாங்க, யார் கேப்டன், யார் கோல்கீப்பர்னு கேட்டுப் பாருங்க, ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது.

காலேஜுக்குப் பக்கத்துலயே கரீஸ் ஃபவுண்டன் மைதானம் இருக்கு. 1870-கள்ல அங்க ஊத்துத் தண்ணி கண்டுபிடிச்சு ஊருக்கே குடுத்தாங்க, அதனாலதான் பேர்ல "ஃபவுண்டன்". அப்புறம் அது இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள், கலர்ட்னு சொல்ற கலப்பின ஜனங்கள் எல்லாரும் ஃபுட்பால் ஆடுற இடமாச்சு, ஏன்னா வெள்ளைக்காரன் மைதானத்துல நமக்கு இடமில்ல. 1974 செப்டம்பர்ல மொசாம்பிக் விடுதலை இயக்கமான ஃபிரெலிமோவோட வெற்றியைக் கொண்டாட ஜனங்க கூடினதும், போலீஸ் நாயை அவிழ்த்து விட்டதும் அதே இடத்துலதான். அப்பாவுக்கு மட்டும் அது கடைசி வரைக்கும் "கரீஸ்"தான், அங்க அடிச்ச கார்னர் கிக், மழையில ஊறிப்போன தோல் பந்து, அதோட வாய் நாடா நெத்தியில பட்டா தோல் கிழியும்னு சொல்லி நெத்தியைத் தடவிக் காட்டுவார். பூட்ஸ் அடியில தோல் கட்டையை ஆணி வச்சு அடிச்சிருப்பாங்க, தேஞ்சா ஆணி வெளிய வந்து எதிராளி கால்ல கோடு போட்டுடும், அதனால மேட்சுக்கு முன்னாடி ரெஃப்ரி எல்லார் காலையும் தூக்கச் சொல்லிப் பார்ப்பாராம்.

அப்பா போன பிறகு பெட்டியைத் திறந்தா ஒரு டீம் போட்டோ இருந்துச்சு. நடுவுல கேப்டன் காலுக்கு நடுவுல பந்து, பந்து மேல சாக்பீஸ்ல வருஷம் எழுதியிருக்கு, ஆனா கடைசி நம்பர் வெளுத்துப் போச்சு. பின்னாடி வரிசையில சூட் போட்ட ஒரு வாத்தியார். அப்பாவைத் தெரியுது. மத்தவங்க யாரு? போட்டோவைத் திருப்பினா ஸ்டூடியோ சீல் மட்டும்தான் இருக்கு, ஒரு பேர்கூட இல்ல.

எங்க வீட்டுல மட்டும் இப்படின்னு நினைக்காதீங்க. காந்தி இங்க இருந்தப்போ பேசிவ் ரெசிஸ்டர்ஸ், அதாவது சத்தியாகிரகிகள்ங்கிற பேர்ல ஃபுட்பால் டீம் நடந்துச்சு, அந்த டீமோட காந்தி சேர்ந்து நிக்கிற போட்டோ உலகம் பூரா சுத்துது, எல்லாரும் "காந்தி ஃபுட்பால் டீம்"னு சொல்றாங்க. கூட நிக்கிறவங்களும் சத்தியாகிரகம் பண்ணினவங்கதானே, அவங்க பேர் எத்தனை பேருக்குத் தெரியும் சொல்லுங்க. எனக்கு இது ரொம்ப வேதனையா இருக்கு. பேர் போன போட்டோ வேர் போன செடி மாதிரி, சட்டத்துல நல்லா இருக்கும், ஆனா அதுக்கு மேல அதுல ஒண்ணும் வளராது.

ஏன் இவ்வளவு தூரம் சொல்றேன்னா, எங்க ஆட்டத்தைப் பத்தி எழுதி வைக்க அந்தக் காலத்துல ஆள் கிடையாது. பெரிய இங்கிலீஷ் பேப்பர்கள்ல வெள்ளைக்காரன் மேட்ச் பக்கம் பக்கமா வரும், நம்ம மேட்ச் வந்தா ஓரத்துல ரெண்டு வரி. 1940-ல ஆரம்பிச்ச லீடர், 1950-ல வந்த கிராஃபிக் ரெண்டும் நம்ம ஜனங்க பேப்பர், அதுல வந்ததுதான் மிச்சம், அதுக்கும் முன்னாடி உள்ளது பெரும்பாலும் வீட்டுப் பெட்டியிலதான் இருக்கணும். அந்தப் பெட்டியையும் விட்டாங்களா? எந்த இனம் எந்த இடத்துல குடியிருக்கணும்னு பிரிக்கிற குரூப் ஏரியாஸ் சட்டம் 1950-ல வந்துச்சு, டர்பன் கேட்டோ மேனர்ல இருந்த நம்ம ஜனங்க வீடுகளைக் காலி பண்ண வச்சாங்க, முனிசிபாலிட்டி வேலைக்காரங்க, அதுல பெரும்பாலும் நம்ம தமிழ், தெலுங்கு ஜனங்க, குடியிருந்த மேகசின் பாரக்ஸையும் 60-கள்ல காலி பண்ணி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினாங்க. அந்த பாரக்ஸ்ல பொறந்த ஃபுட்பால்காரங்க கொஞ்சநஞ்சமில்ல. லாரியில ஏத்தும்போது அடுப்பு, கட்டில், சாமி படம் ஏத்துவாங்களா, இல்ல பழைய ஜெர்சியும் கிழிஞ்ச சர்டிபிகேட்டும் ஏத்துவாங்களா, எவ்வளவு அங்கயே விட்டுட்டு வந்திருப்பாங்கன்னு நினைச்சாலே மனசு கேட்க மாட்டேங்குது.

மிஞ்சினது இப்பப் போய்க்கிட்டு இருக்கு. எங்க தெருவுல ஒரு தாத்தா தவறினார், அவரும் காலேஜ் டீம் ஆள்தான், பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறு வாரமே பிள்ளைங்க காலேஜ் பிளேசரைப் பழைய துணியோட கட்டிக் குடுத்துட்டாங்க, கப்பைப் பழைய சாமான் வியாபாரிகிட்ட வித்துட்டாங்க. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, அது என்னன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. கிளப் சாமானுக்காவது வாங்க ஆள் இருக்கு. 1928-ல தொடங்கின மேனிங் ரேஞ்சர்ஸ் 1996-97-ல பிஎஸ்எல்ங்கிற தென்னாப்பிரிக்கப் பெரிய லீக்கோட முதல் பட்டத்தையே ஜெயிச்சுச்சே, அந்த டீம் ஜெர்சின்னா டர்பன்ல இன்னும் மவுசுதான். காலேஜ் டீம் ஜெர்சியை யார் கேட்கப் போறாங்க?

இப்ப உங்க வாசகர்கள்கிட்ட நான் கேட்க வந்ததைச் சொல்லிடறேன். சாஸ்திரி காலேஜ் திறந்தப்போ பாடம் சொல்லிக் குடுக்க இந்தியாவுல இருந்து பட்டதாரி வாத்தியார்களைக் கூட்டிட்டு வந்தாங்க. இங்க படிப்பிச்சுட்டு ஊர் திரும்பினவங்க கொண்டுபோன ஆல்பம் எங்கயோ இருக்கும்தானே. உங்க தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ 1930-கள்ல "டர்பன்ல வாத்தியாரா இருந்தார்"னு வீட்டுல பேச்சு இருந்தா, அலமாரி மேல, பரண்ல, டிரங்குப் பெட்டியில பாருங்க. டீம் போட்டோவுல சூட் போட்டு ஓரமா நிக்கிறது அவரா இருக்கலாம். நாங்க தொலைச்ச பேர்களை அவர் டைரியில எழுதி வச்சிருக்கலாம், வாத்தியார்னா பேர் எழுதி வைக்கிற பழக்கம் இருக்குமே, நானும் வாத்தியார்ங்கிறதால சொல்றேன்.

அதே மாதிரி இன்னொண்ணு. 1921 கடைசியில இருந்து 1922 வரைக்கும் ஆல்பர்ட் கிறிஸ்டோபர் தலைமையில தென்னாப்பிரிக்க இந்தியர் டீம் ஒண்ணு கப்பலேறி இந்தியா வந்து 14 மேட்ச் ஆடுச்சு, கல்கத்தாவுல மோகன் பாகனோடயும் ஆடினாங்க. கூலிக்குப் போனவன் பேரப்பிள்ளை பூட்ஸ் போட்டுக்கிட்டுத் திரும்ப வந்து ஆடுறான்னா அந்த ஊர் ஜனங்க எப்படிப் பார்த்திருப்பாங்க! 1934-ல இந்திய டீம் பதிலுக்கு இங்க வந்து ஆடுச்சு. இந்த ரெண்டு டூர்லயும் டீமுக்கு டீம் போட்டோ, மாலை, பேட்ஜ், விருந்து மெனு கார்டு எல்லாம் கைமாறியிருக்கும். உங்க பக்கத்துல பழைய ஃபுட்பால்காரங்க குடும்பம் இருந்தா தயவுசெஞ்சு கேட்டுப் பாருங்க.

கிடைச்சா என்ன பண்ணணும்னா, போட்டோவை லேமினேட் பண்ணாதீங்க, அது நாசமாயிடும். பின்பக்கம் பேர் எழுதறதுன்னா பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்னாடி தடம் விழும், மெல்லிசாப் பென்சில்ல எழுதுங்க, இடமிருந்து வலம், எந்த வரிசைன்னும் சேர்த்து. பட்டப்பேர் இருந்தா அதையும் எழுதுங்க, மைதானத்துல எல்லாரையும் பட்டப்பேர்லதான் கூப்பிட்டாங்க, நிஜப் பேரை வச்சுத் தேடினா ஆள் கிடைக்க மாட்டேங்குது. ஜெர்சியை சோப்பு போட்டுத் தோய்க்காதீங்க, பருத்தித் துணியில சுத்தி வச்சாப் போதும்.

இங்க இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது, கோயில்ல ஆடிக் கூழ் ஊத்துற அன்னிக்கும் காவடி அன்னிக்கும் பெரியவங்க எல்லாரும் ஒரே இடத்துல உட்கார்ந்திருப்பாங்க, போட்டோவோட பெரிய காப்பி ஒண்ணைக் கொண்டுபோய் நடுவுல வைங்க. நான் அப்படித்தான் பண்ணினேன். அப்பா போட்டோவுல கோல்கீப்பர் பேரும் சென்டர் ஹாஃப் பேரும் தெரிஞ்சது, ஒரு பாட்டி தன் அண்ணனைக் காட்டி அழுதுட்டாங்க, அவங்க வீட்டுல அவரோட வாலிப வயசு படமே இல்லையாம். காப்பி எடுத்து மறுநாளே குடுத்தேன். டர்பன் டெர்பி ஸ்ட்ரீட்ல 1860 ஹெரிடேஜ் சென்டர் இருக்கு, குவாசூலு-நட்டால் யுனிவர்சிட்டியோட வெஸ்ட்வில் கேம்பஸ்ல காந்தி-லுத்துலி டாக்குமென்டேஷன் சென்டர் இருக்கு. அசலைக் குடுக்க மனசில்லன்னா அவங்ககிட்ட காப்பியாவது குடுங்க.

ஆசிரியர் ஐயா, உங்க ஆபீசுக்கு யாராவது அந்த மாதிரிப் படம் அனுப்பினா எனக்கு ஒரு வரி தெரியப்படுத்துங்க. அப்பா போட்டோவுல பின்வரிசையில ரெண்டு பேரும், சூட் போட்ட வாத்தியாரும் இன்னும் யாருன்னு தெரியாமதான் இருக்காங்க. அனுப்பறவங்க போட்டோவோட முன்பக்கத்தை மட்டும் எடுக்காம பின்பக்கத்தையும் சேர்த்து எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

இப்படிக்கு,
சாஸ்திரி காலேஜ் பழைய ஆட்டக்காரர் ஒருத்தரோட மகள்,
சாட்ஸ்வொர்த், டர்பன்