வெட்டுக்குத்தைப் பார்த்தவர்களைத் தனியே விடாதீர்கள்: வணிகர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு வணக்கம்.

கடைவீதியில் அரிவாள் வெட்டு நடந்தால் சங்கம் கடையடைப்பு அறிவிக்கிறது, கண்டனச் சுவரொட்டி ஒட்டுகிறது. ரத்தத்தோடு கிடந்தவரைத் தூக்கிய பூக்காரம்மாவையும், கல்லாவில் இருந்தபடி பார்த்த பையனையும் பிறகு யாரும் விசாரிப்பதில்லை. நீதிமன்றத்தில் அவர்கள் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சியானால் விலைபோய்விட்டார்கள் என்கிறோம். பயத்தோடு தனியே விடப்பட்டவர்கள் அவர்கள்.

வெட்டு நடக்கும்போது குறுக்கே பாய வேண்டாம். 112-ஐ அழைத்து இடம், அடையாளம், எத்தனை பேர், எந்தப் பக்கம் ஓடினார்கள், வண்டி எண் ஆகியவற்றைச் சொல்லுங்கள், ஆம்புலன்ஸுக்கு 108. காயத்தின் மேல் சுத்தமான துணி வைத்து இரு கைகளாலும் அழுத்த வேண்டும். துணி நனைந்தால் எடுத்துப் பார்க்காமல் மேலே இன்னொன்று வைக்கவும். குத்திய கத்தியை உருவக் கூடாது.

பார்த்தவர்கள் தங்களுக்குள் பேசுவதற்கு முன் தனித்தனியே எழுதி வைக்கட்டும், கண்ணால் கண்டது வேறு, காதில் விழுந்தது வேறு என்று பிரித்து. பேசப் பேச அடுத்தவர் பார்த்ததும் நம் நினைவில் கலந்துவிடும். குறுக்கு விசாரணையில் அங்கேதான் சறுக்கும்.

அதிகம் கெடுவது வீடியோவால். வாட்ஸ்அப்பில் வெட்டியவர் முகம் பரவிவிட்டால், பலரை வரிசையாக நிறுத்திச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்லும் அணிவகுப்புக்குப் பிறகு மதிப்புக் குறையும். எந்தக் கடை வாசலில் நின்று எடுத்தது என்பதைக் கோணமே காட்டிக்கொடுக்கும். சாட்சி யார் என்று எதிரிக்குத் தெரிந்துவிடும். போலீசிடம் மட்டும் கொடுங்கள். சிசிடிவி பதிவு சில வாரங்களில் தானே அழிந்துவிடும் என்பதால் அன்றைக்கே நகல் எடுங்கள். டி.வி.ஆர். எனும் பதிவுப் பெட்டியின் கடிகாரத்துக்கும் சரியான நேரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று குறித்து வையுங்கள். போலீஸ் பெட்டியை எடுத்துப்போனால், கைப்பற்றியதை எழுதும் மகஜரின் நகல் கேளுங்கள்.

பி.என்.எஸ்.எஸ். எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவின்படி பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்தோ 60 தாண்டியோ உள்ள ஆண்களையும் சாட்சி விசாரணைக்கென ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்துக்குப் போலீஸ்தான் வர வேண்டும். போலீசிடம் தரும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது என்பதே சட்டம். வெற்றுத்தாளில் ஒருபோதும் போடாதீர்கள்.

மிரட்டல் வந்தால், 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டப்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு கொடுக்கலாம். சாட்சியோ குடும்பத்தாரோ வழக்கறிஞரோ விசாரணை அதிகாரி போன்ற அதிகாரிகளோதான் கொடுக்க முடியும், சங்கம் கொடுக்க முடியாது. ஆகவே ஒரு வழக்கறிஞரை இப்போதே பேசி வையுங்கள். எந்த எண்ணிலிருந்து, எந்த நேரத்தில், என்ன சொன்னார்கள் என்ற குறிப்பு மனுவுக்குப் பலம். பொய்ச் சாட்சி சொல்லும்படி மிரட்டுவது தனிக்குற்றம். ஏழாண்டு வரை சிறை உண்டு.

தூக்கம் கெடுவதும் ஷட்டர் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடுவதும் முதல் சில வாரங்களில் இயல்பு. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். தூங்குவதற்காகக் குடிக்கப் பழகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தைப் பார்த்தபடியே உட்கார வேண்டியவருக்கு இருக்கையை மாற்றிக் கொடுங்கள். ஒரு மாதம் தாண்டியும் தணியாவிட்டால் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதற்கு முன்பே 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

சம்மன் பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். அன்றைய கூலியைச் சங்க நிதியிலிருந்து கொடுங்கள், கூடவே ஒருவர் போங்கள். உறுப்பினர் இல்லை என்று பூக்காரம்மாவை ஒதுக்க வேண்டாம். இதற்கென அடுத்த செயற்குழுவில் இருவரை நியமியுங்கள். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சாட்சிகளோடு பணியாற்றும் வழக்கறிஞர்கள், மனநல ஆலோசகர்கள்