கலோரிக்கு முன்னால் ஒரு 'கிலோ' போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த உடல் எடை பற்றிய கட்டுரையில், ஒருவருக்கு நாளைக்குச் சுமார் 2,000 கலோரி வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதே பக்கத்தில் இருந்த பெட்டிச் செய்தி, ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான ஆற்றல்தான் ஒரு கலோரி என்றது. தனித்தனியாகப் படித்தால் இரண்டும் சரி. சேர்த்துப் படித்தால் ஆயிரம் மடங்கு தப்பு.

நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு மாணவி கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். பனிக்கட்டி போலக் குளிர்ந்த தண்ணீர் 250 மில்லி குடித்தால், அதை உடம்பு 0 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும், 250-ஐ 37-ஆல் பெருக்கினால் 9,250 கலோரி, அப்படியென்றால் ஒரு டம்ளர் தண்ணீரிலேயே நாலு நாள் சாப்பாட்டுக்கு மேல் செலவாகிவிடுமே சார் என்றாள். பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. அவள் கணக்கிட்டது சின்ன கலோரி, சாப்பாட்டுக்குச் சொல்வது கிலோகலோரி, அதாவது ஆயிரம் சின்ன கலோரி சேர்ந்த பெரிய கலோரி, அவ்வளவுதான். உண்மையில் செலவாவது 9.25 கிலோகலோரி, ஏறக்குறைய ஒரு கிராம் கொழுப்பில் இருக்கிற ஆற்றல். இதை நம்பி யாராவது பட்டினி கிடந்தால் என்ன ஆவது என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

ஆங்கிலத்தில் பெரிய கலோரிக்கு முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டு வேறுபடுத்துகிற வழக்கம் உண்டு. அதையும் எல்லாரும் கடைப்பிடிப்பதில்லை, அது வேறு விஷயம். நம் எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்பதே கிடையாதே! 'கலோரி' என்று மட்டும் எழுதினால் எது என்று தெரிய வழியில்லை. தமிழில் எழுதுகிறவர்கள் 'கிலோகலோரி' என்று முழுசாக எழுதித்தான் ஆக வேண்டும்.

முடிந்தால் பக்கத்தில் ஆற்றலின் இன்னொரு அலகான கிலோஜூலும் (ஆயிரம் ஜூல்) போடுங்கள். 1948-லேயே எடை அளவுகளுக்கான பொது மாநாடு வெப்பத்துக்கும் ஜூல்தான் அலகு என்று முடிவு செய்துவிட்டது. தண்ணீரைச் சூடாக்கத் தேவையான ஆற்றல் அது எந்த வெப்பநிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும், அதனால் கலோரிக்கே 4.184 ஜூல், 4.1868 ஜூல் என்று ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகள் வந்துவிட்டன. சாப்பாட்டுக் கணக்கில் இது பெரிய விஷயமில்லை, 2,000 கிலோகலோரிக்கு முதல் மதிப்பில் 8,368 கிலோஜூல், இரண்டாவதில் 8,374, அவ்வளவுதான் வித்தியாசம். மனக்கணக்காகச் செய்ய, கிலோஜூலை நாலால் வகுத்துக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் கிலோகலோரி கிடைத்துவிடும்.

அப்புறம் இன்னொன்று. உணவு உறையில் இருக்கிற இரண்டு எண்களும் சில சமயம் இந்த 4.184-க்குச் சரியாகப் பொருந்தாது, உடனே அச்சுப்பிழை என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு கிராம் மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4 கிலோகலோரி அல்லது 17 கிலோஜூல், கொழுப்புக்கு 9 கிலோகலோரி அல்லது 37 கிலோஜூல் என்று முழு எண்களாக வைத்துத் தனித்தனியாகக் கூட்டுகிறார்கள். 100 கிராம் சுத்தமான எண்ணெய்க்கு 900 கிலோகலோரி, 3,700 கிலோஜூல் என்று வரும், பெருக்கிப் பார்த்தால் 3,766 இருக்க வேண்டும். என் மாணவர்களுக்கு இதைக் காட்டினபோது பாதிப் பேர் என்னை நம்பவில்லை, எழுதிக் காட்டின பிறகுதான் சமாதானம் ஆனார்கள்.

ஜூலில் எழுதினால் வாட்டுக்குப் போவதும் எளிது, விநாடிக்கு ஒரு ஜூல் என்பதுதான் ஒரு வாட். 8,368 கிலோஜூலை ஒரு நாளின் 86,400 விநாடிகளால் வகுத்தால் 97 வாட் வருகிறது, பழைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்குத்தான் ஒரு மனிதர் நாள் முழுக்க ஆற்றல் செலவழிக்கிறார் என்று சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள்: கட்டுரையில் வரும் 2,000 கலோரி என்பது 2,000 கிலோகலோரி.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியராக இருக்கும் உங்கள் வாசகர்