வலது பக்கத்து இருக்கை

கோயம்புத்தூர்
மே 4

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. கூடவே வந்த நார்த்தங்காய் ஊறுகாயை வசந்தா அன்றைக்கே திறந்துவிட்டாள். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு இப்போது வாசல் கேட் வரை கைத்தடி இல்லாமல் நடக்கிறாள். மாடிப்படி ஏற மட்டும் இன்னும் பயம். உன் தம்பி மகன் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனது அதனால்தான். மனதில் வைத்துக்கொள்ளாதே.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். ஆனால் உன்னை உறுத்துவது மூன்றாம் பக்கத்தில் இருக்கிற அந்த ஐந்து வரிதான். உன் மகள் கயல் பைலட் பயிற்சியில் 17 மணி நேரம் பறந்தும் இன்னும் சோலோ, அதாவது இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாகப் பறக்க, விடவில்லை, கூடச் சேர்ந்த பையன் 13 மணியிலேயே போய்விட்டான், அவளுக்கு இது வராதோ என்று கேட்டிருக்கிறாய். அந்த இன்ஸ்ட்ரக்டருக்கு ஒரு போன் போடட்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா. போன் மட்டும் போடாதே. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் கணக்கு. கமர்ஷியல் லைசென்ஸ் வாங்க நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு முழுக்க அவள் கையில் இருக்க வேண்டும். 13-இல் போனவனும் 23-இல் போகிறவளும் அந்த 200-ஐ முடித்துத்தான் ஆக வேண்டும். நாளைக்கு எந்த ஏர்லைன்ஸும் எத்தனையாவது மணியில் சோலோ போனாய் என்று கேட்டு வேலை கொடுக்கப் போவதில்லை. அதோடு இது மே மாதம். அவள் இருக்கிற மகாராஷ்டிரத்து விதர்பா பக்கம் காலை பத்து மணிக்கே தரை கொதிக்கும். சூட்டில் காற்று லேசாகிவிடும், எஞ்சினுக்கு வலு குறையும், இறங்கி வருகிற நேரத்தில் கீழிருந்து எழும் வெப்பக்காற்று விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். விடிந்ததிலிருந்து இரண்டு மூன்று மணி நேரம்தான் புதிய பிள்ளைகளுக்கு உருப்படியாகக் கிடைக்கும். அதற்குள் வரிசையில் பத்துப் பேர் நிற்பார்கள். தாமதத்தில் பாதி இதனாலேயே இருக்கும்.

மீதிப் பாதியைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. இருபது வருஷத்துக்கு முன்னால், நான் இன்ஸ்ட்ரக்டராக இருந்தபோது, என்னிடம் ஒரு பையன் படித்தான். கெட்டிக்காரன். அவன் அப்பா நிலத்தை விற்றுப் பணம் கட்டியவர். வாரத்துக்கு மூன்று முறை எனக்குப் போன் வரும், "சார், எப்ப சார் விடுவீங்க?" என்று. அவன் இறக்குவதும் அழகாகத்தான் இருக்கும். ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, மறுநாள் விடியலுக்குத் தள்ளிப்போட்டிருக்க வேண்டிய சோலோவை அன்றைக்கே விட்டுவிட்டேன்.

அவன் ஓட்டிய செஸ்னா 152 விமானம் எவ்வளவு சின்ன வண்டி என்று உனக்குத் தெரியாது. இரண்டே இருக்கை, 110 குதிரைசக்தி. ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 757 கிலோதான். அப்போது நான் 80 கிலோ இருந்தேன். நான் இறங்கினால் பத்தில் ஒரு பங்கு எடை இறங்கிவிடுகிறது. அதனால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஆயிரம் அடிக்கு ஏறிவிடும். இறங்கும்போது உட்கார மாட்டேன் என்று ரன்வே மேலேயே மிதந்துகொண்டு போகும். இதை எல்லா மாணவர்களுக்கும் வாயால் சொல்லுவோம், அவனுக்கும் சொன்னேன். ஆனாலும் மிதக்கத் தொடங்கியதும் அவன் பதறி மூக்கைக் கீழே அழுத்தினான். முன்சக்கரம் முதலில் தரையில் பட்டது. துள்ளியது. மறுபடி அழுத்தினான். மூன்றாவது துள்ளலில் முன்சக்கரம் மடங்கி, ப்ரொப்பெல்லர் தரையில் அடித்து நின்றது. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது இரண்டு கையாலும் கண்ட்ரோலை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அடுத்த மாதம் ஊருக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை.

முதல் துள்ளலிலேயே அவன் த்ராட்டிலை (எஞ்சின் வலுவைக் கூட்டும் கைப்பிடி) முழுக்கத் தள்ளிக் கோ-அரவுண்ட் எடுத்திருந்தால், மேலே போய் ஒரு சுற்று சுற்றிவந்து நிதானமாக இறங்கியிருப்பான். அதுவும் அவனுக்குத் தெரியும். பிறகு ராத்திரி பறந்த கணக்கு எழுதும் அவன் லாக் புக்கை வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. என்னோடு பறந்த அத்தனை நாளிலும் அவனாக ஒரு தடவைகூடக் கோ-அரவுண்ட் எடுத்ததில்லை. ஒவ்வொரு தடவையும் நான்தான் "கோ-அரவுண்ட்" என்று சொல்லியிருக்கிறேன். அவனுக்கு முன்னால் என் வாய் முந்திக்கொண்டது. இறக்கக் கற்றுக்கொடுத்தேன், இறக்க வேண்டாம் என்று முடிவெடுக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தப் பிழை என்னுடையதுதான், சங்கரா.

அன்றைக்கு அப்புறம் நான் யாருக்கும் மணிக்கணக்குப் பார்க்கவில்லை. வலது பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ரன்வேக்கு நேராக இறங்கி வருகிற ஃபைனலில் வேகம் 60 நாட் (மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர்) அளவில் நிற்காமல் அலைந்தாலோ, ரன்வேயின் நடுக்கோட்டை விட்டு விலகினாலோ, பிள்ளை என் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா, தானாகவே த்ராட்டிலைத் தள்ளுகிறதா என்று கவனிப்பேன். என்னைப் பார்க்காமல் மூன்று தடவை தள்ளினால், அது போதும் எனக்கு. இறங்குவது கொஞ்சம் முரடாக இருந்தாலும் கவலையில்லை. சில பேருக்கு அது 14 மணியில் வரும், சில பேருக்கு 25 ஆகும். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்குத்தான் லேட் ஆகும் என்று நினைக்காதே. நன்றாகப் படிக்கிற, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைகளுக்குத்தான் பல சமயம் லேட் ஆகும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லாமல் எதையும் செய்யாதே என்று வளர்த்துவிட்டோம் இல்லையா? கயலும் அப்படிப்பட்டவள்தானே.

இன்னொன்றும் கேள். 2018 செப்டம்பரில் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெவர்லி என்ற ஊரில், பறக்கப் படிக்கிற 17 வயதுப் பெண் ஒருத்தி தனியாகக் கிளம்பினாள். பைப்பர் வாரியர் விமானம். மேலே எழும்பியதும் கீழ்ச்சக்கரங்களில் ஒன்று கழன்று போய்விட்டது. படிக்கிற பிள்ளை தனியாகப் போகும்போது வரவேண்டிய சோதனையா அது? ரேடியோவில் தைரியம் சொல்லவும் வழி சொல்லவும் ஆள் இருந்தார்கள். ஆனால் விமானத்தில் அவள் மட்டும்தான். அவளேதான் இறக்கினாள், காயம் எதுவும் இல்லாமல். மகளுக்கு இன்னும் நாலு மணி நேரம் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கிறார்களே என்று புலம்பத் தோன்றும்போதெல்லாம் இந்தப் பெண்ணை நினைத்துக்கொள்.

கயலிடம் பேசும்போது "இன்னைக்குச் சோலோ விட்டாங்களா?" என்று கேட்பதை நிறுத்து. "காலையில் சாப்பிட்டியா, தூங்கினியா" என்று கேள், போதும். விமானத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும் என்றால், பெட்ரோல் எடுத்துப் பார்த்தாயா என்று கேள். ஒவ்வொரு நாளும் பறப்பதற்கு முன்னால் இறக்கையின் அடியில் இருந்து ஒரு சின்னக் கப்பில் கொஞ்சம் பெட்ரோல் இறக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். அது இளநீல நிறமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்து முத்தாக உருண்டு நிற்கும். கப் முழுக்கவே தண்ணீராக இருந்தால் முத்தும் தெரியாது, எல்லாம் ஒரே சீராகத் தெரியும். அவசரத்தில் பார்க்கிறவன் சரி என்று கொட்டிவிட்டுப் போவான். நிறம் பார்த்து, மோந்தும் பார்க்கிற பிள்ளைதான் கண்டுபிடிக்கும். கயல் மோந்து பார்ப்பாளாம், போன மாதம் என்னிடம் போனில் சொன்னாள். எனக்கு அதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷம்.

சோலோ போகிற நாள் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய். முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். காலையில் இன்ஸ்ட்ரக்டர் இரண்டு மூன்று சர்க்யூட் (மேலே ஏறி ஒரு சுற்று வந்து இறங்குவது) கூடவே போவார், வேறொரு சீனியரும் வந்து சோதித்துப் பார்ப்பார். பிறகு ரன்வேக்குப் போகிற பாதையான டாக்ஸிவேயில் நிறுத்தச் சொல்லி, "ஒரே ஒரு சர்க்யூட், இறங்கி ஃபுல் ஸ்டாப். பிடிக்கலைன்னா கோ-அரவுண்ட் எடு, எத்தனை தடவை வேணும்னாலும் எடு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். இறங்குவதற்கு முன் தன் இருக்கையின் பெல்ட்டைத் தானே இழுத்து, ஆள் இல்லாத இருக்கைக்கு மாட்டிவிடுவார். தொங்கவிட்டால் கண்ட்ரோலில் சிக்கிக்கொள்ளும் என்பதற்காக. அந்தக் கிளிக் சத்தம்தான் பல பிள்ளைகளுக்குக் கடைசிவரை ஞாபகம் இருக்கிறது. மேலே போனதும் காலி இருக்கையிலிருந்து என் குரல் "ரட்டர், ரட்டர்" (வால் சுக்கானைக் காலால் மிதி) என்று கேட்டதாகச் சொன்னவர்களும் உண்டு.

கீழே நிற்கிறவனுக்கு அந்த ஆறேழு நிமிஷம் என்ன பாடு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ மூன்று மாதமாக அங்கேயேதான் நிற்கிறாய். டவர் பேசுவதைக் கையில் இருக்கிற சின்ன ரேடியோவில் கேட்டுக்கொண்டு நிற்பேன். ரன்வேக்கு இணையாகத் திரும்பி வருகிற டவுன்விண்டில் பிள்ளையின் குரல் நிதானமாக வந்துவிட்டால் எனக்குப் பாதி உயிர் திரும்பிவிடும். எத்தனையோ பேரை விட்டேன், ஒரு தடவைகூட அந்தப் படபடப்பு குறைந்ததில்லை.

முடிந்ததும் கூட்டாளிகள் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிவிடுவார்கள். போட்டோ அனுப்புவாள், யூனிஃபார்ம் நனைந்து கிடக்கிறதே என்று திட்டிவிடாதே. லாக் புக்கில் அந்தப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல். அரை மணி நேரத்துக்கும் குறைவான கணக்குதான் இருக்கும், ஆனால் பொறுப்பு விமானி என்ற கட்டத்தில் முதல் தடவையாக அவள் பெயர் இருக்கும்.

ஆடிக்கு இந்தப் பக்கம் வருவதாக எழுதியிருந்தாய். மங்களத்தையும் கூட்டிக்கொண்டு வா. பின்கட்டு மாமரம் இந்த வருஷம் கிளை ஒடிகிற மாதிரி காய்த்திருக்கிறது, உனக்காக ஒரு ஜாடி ஆவக்காய் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்
ராகவன்