பேக்கப் லிங்க்கில் உங்கள் நெட்வொர்க்கின் மொத்த டிராஃபிக்கும்: ரவுட்டர் மாற்றத்தில் விடுபட்ட ரூட்டிங் பாலிசி குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், நெட்வொர்க் செயல்பாட்டுப் பிரிவு
அனுப்புநர்: நெட்வொர்க் பொறுப்பாளர், ஸ்கேன் படச் சேவை நிறுவனம், சென்னை

மதிப்பிற்குரியீர்,

சென்னை டேட்டா சென்டரில் உள்ள எங்கள் ரேக்குக்கு உங்களிடம் 1 ஜிபிபிஎஸ் லிங்க் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அது பேக்கப் மட்டும்தான். மெயின் லிங்க் 10 ஜிபிபிஎஸ், வேறொரு நிறுவனத்துடையது. எங்கள் /23 ஐபி முகவரிகளை (512 முகவரிகள் கொண்ட தொகுதி), நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று பாதை சொல்லிக்கொள்ளும் பிஜிபியில் இரண்டு பக்கமும் அறிவிக்கிறோம். டிராஃபிக் மெயின் பக்கமே போகட்டும் என்று, உங்கள் பக்கம் மட்டும் எங்கள் ஏஎஸ் எண்ணை (நெட்வொர்க்கின் அடையாள எண்) மூன்று முறை கூடுதலாகச் சேர்த்துப் பாதையை நீளமாகக் காட்டுகிறோம்.

உங்கள் நெட்வொர்க்குக்குள் அது எடுபடாது. லோக்கல் பிரிஃபரன்ஸ் (ஒரு நெட்வொர்க் தனக்குள் ரூட்டுக்குத் தரும் முன்னுரிமை எண்; அதிகமானதே வெல்லும்) சமமாக இருந்தால்தான் ரவுட்டர் பாதை நீளத்தையே பார்க்கும்; வாடிக்கையாளர் நேரடியாகத் தரும் ரூட்டுக்கு அதை நீங்கள் 200 என உயர்த்தி வைத்திருக்கிறீர்கள். அதை 80-க்கு இறக்கும் கம்யூனிட்டி (ரூட்டோடு சேர்த்து அனுப்பும் குறிச்சொல்) உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. அதைத்தான் சேர்த்து அனுப்பி வந்தோம், ஒரு நாள்கூடத் தகராறு வந்ததில்லை.

கடந்த செவ்வாய் அதிகாலை உங்கள் எட்ஜ் ரவுட்டரை மாற்றினீர்கள். காலை ஒன்பதரைக்குத் திருநெல்வேலி ஸ்கேன் மையத்திலிருந்து போன். "சார், தலை சிடி 3 சதவீதத்துலயே நிக்குது. டாக்டர் படம் கேக்கறாங்க, பேஷன்ட்டை வெளிய உக்கார வச்சிருக்கோம்." அந்த மையத்தில் இருப்பது உங்கள் பிராட்பேண்ட். கிராஃபைத் திறந்தேன். உங்கள் லிங்க்கின் உள்வரும் டிராஃபிக் 1 ஜிபிபிஎஸ்ஸைத் தொட்டு, கத்தரியால் வெட்டியதுபோல் நேர்கோடாக நின்றது. மெயின் லிங்க் பாதிக்கு மேல் காலி. உங்கள் லுக்கிங் கிளாஸில் (உங்கள் ரவுட்டரில் உள்ள ரூட்டுகளை வெளியார் பார்க்கும் பக்கம்) எங்கள் ரூட்டுக்கு லோக்கல் பிரிஃபரன்ஸ் 200, கம்யூனிட்டியைக் காணோம். எங்கள் ரவுட்டர் அதை அனுப்புவதைச் சரிபார்த்துவிட்டேன். ஆக, புதிய ரவுட்டரின் இம்போர்ட் பாலிசியில்தான் (உள்ளே வரும் ரூட்டுகளுக்கான விதிகள்) அது கழன்று போகிறது.

இதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட்டோடு டிக்கெட்டில் போட்டேன். மூன்று முறையும் "லிங்க் அப், பிங் வருகிறது" என்று எழுதி மூடிவிட்டார்கள். பிங் வரவில்லை என்று நான் சொல்லவே இல்லை.

மதியம் வரை பார்த்துவிட்டு, /23-ஐ இரண்டு /24-ஆகப் பிரித்து மெயின் பக்கம் மட்டும் அறிவித்தேன். குறுகிய முகவரித் தொகுதிக்குத்தான் முதலிடம் என்பதால் லோக்கல் பிரிஃபரன்ஸ் அதைத் தடுக்காது. ஆனால் எங்கள் ஆர்ஓஏ (எந்த ஏஎஸ் எந்த முகவரித் தொகுதியை அறிவிக்கலாம் என்ற சான்று) /23 வரைதான் அனுமதித்தது. /24-களுக்குப் புதிதாகப் போட்டு, அது பரவும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு நேரமும் படங்கள் வரிசையில் நின்றன. உலக ரூட்டிங் டேபிளில் ஏற்கெனவே ஒன்பது லட்சம் ஐபிவி4 ரூட்டுகளுக்கு மேல் இருக்கின்றன. ஒரு நிறுவனத்தின் உள் பாலிசிப் பிழைக்காக இரண்டு ரூட்டை அதில் ஏற்றியது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

இம்போர்ட் பாலிசியைத் திருத்தி, பிஜிபி செஷனை அறுக்காமல் ரூட் ரிஃப்ரெஷ் (ரூட்டுகளை மறுபடி கேட்டு வாங்குவது) மூலம் அமல்படுத்துங்கள். 80 என்று லுக்கிங் கிளாஸில் தெரிந்த அன்று இரவே /24-களைத் திரும்பப் பெறுகிறேன். அப்புறம், செவ்வாய் முதல் சரியாகும் நாள் வரையிலான கட்டணத்தைக் கழித்துத் தாருங்கள். இனி ரவுட்டர் மாற்றுவதென்றால் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வாடிக்கையாளர் ரூட்டுகளின் லோக்கல் பிரிஃபரன்ஸை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்கான பதிலை உங்கள் ரூட்டிங் பொறியாளர் ஒருவரே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பொறுப்பாளர்