இந்துப்பின் விலையும் நிறமும் மாறியது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மதுரை கீழமாசி வீதியில் மூன்று தலைமுறையாக எங்கள் நாட்டு மருந்துக் கடைக்கு வந்துபோகிறவர்கள் நீங்கள். உங்களுக்கு இப்படி ஒரு மடல் எழுத வேண்டிவரும் என்று நினைக்கவில்லை. பத்து நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. சாதாரணக் கல்லுப்பில் சாயம் ஏற்றி இந்துப்பு (சுரங்கத்தில் வெட்டும் பாறை உப்பு) என்று விற்கிறோமாம், விலையையும் ஏற்றிவிட்டோமாம். விலை ஏறியது உண்மை. கிலோ 70 ரூபாய்க்குக் கொடுத்தது இப்போது 120. சாயம் என்பது பச்சைப் பொய்.

விலை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். இவ்வளவு காலம் நீங்கள் வாங்கிய இளஞ்சிவப்பு இந்துப்பு, பாகிஸ்தான் பஞ்சாபில் ஜீலம் மாவட்டத்து கேவ்ரா சுரங்கத்தில் வெட்டி எடுத்தது. இமயமலை உப்பு என்பது வியாபாரத்துக்கு வைத்த பெயர். சிந்து தேசத்து உப்பு என்பதால்தான் வடமொழியில் சைந்தவம் என்றார்கள். வடக்கே இன்றும் லாகூர் உப்பு என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. 1947இல் எல்லை போட்டபோது சுரங்கம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் உப்பு வந்துகொண்டுதான் இருந்தது.

2019 பிப்ரவரியில் காஷ்மீரின் புல்வாமாவில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் 40 பேர் பலியானார்கள். 1996இல் பாகிஸ்தானுக்குக் கொடுத்திருந்த வர்த்தக அந்தஸ்தை இந்தியா திரும்பப் பெற்று, அங்கிருந்து வரும் சரக்குக்கு 200 சதவீத சுங்க வரி போட்டது. 100 ரூபாய் சரக்குக்கு வரி மட்டும் 200 ரூபாய். அப்போது கையிருப்பை வைத்தும் லாபத்தைக் குறைத்தும் எப்படியோ ஓட்டினோம். 2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பின் பஞ்சாப் எல்லையில் உள்ள அட்டாரி சோதனைச் சாவடி மூடப்பட்டது. மே 2 அன்று வந்த உத்தரவுப்படி, பாகிஸ்தான் சரக்கு எதுவும் நேராகவும் வரக்கூடாது, வேறு நாடு சுற்றியும் வரக்கூடாது. போன உயிர்களுக்கு முன்னால் உப்பு பெரிய விஷயமே இல்லை, அதில் எங்களுக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. கையிருப்பு தீர்ந்த பிறகு வேறு இடத்து உப்பைத் தேட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எட்டுச் சரக்கு சேர்த்துச் செய்யும் செரிமானப் பொடியான அஷ்ட சூரணம் வாங்குகிறவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம் ஆறும் நம் மண்டியிலேயே கிடைக்கின்றன. மீதி இரண்டு இந்துப்பும் பெருங்காயமும். பெருங்காயம் செய்ய உதவும் ஆப்கானிஸ்தான் பெருங்காயப் பால் பாகிஸ்தான் வழியாக அதே அட்டாரி சாலையில்தான் லாரியில் வந்துகொண்டிருந்தது. இப்போது சுற்றுவழியில் வருவதால் அதன் விலையும் கூடிவிட்டது.

இனி சாயம். ஹிமாச்சலத்தில் மண்டி மாவட்டத்திலும் பாறை உப்பு வெட்டுகிறார்கள். அந்த மாதிரியை வரவழைத்துப் பார்த்தோம். மண் நிறமாக இருந்தது, வரத்தும் போதாது. அதனால் ஈரான் பாறை உப்புக்கு மாறினோம். அது வெளிறித்தான் இருக்கும். ஒரு மூட்டையில் லேசான சிவப்பு ஓடும், அடுத்த மூட்டை வெள்ளையாக வரும். சாயம் ஏற்றுகிறவன் வெளிற விடுவானா? எல்லாவற்றையும் ஒரே சிவப்பாக அல்லவா ஆக்கிவைப்பான்? கேவ்ரா உப்பின் சிவப்பு அதிலுள்ள இரும்பால் வந்தது. கரைத்தால் தண்ணீரில் நிறம் ஏறாது, அடியில் செங்கல் பொடிபோலக் கொஞ்சம் வண்டல் தங்கும். சாயம் என்றால் தண்ணீரே சிவந்துவிடும். ஒரு வாரமாகக் கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு கண்ணாடி டம்ளர் வைத்திருக்கிறோம். ஒன்றில் அப்பா எடுத்துவைத்திருந்த பழைய கேவ்ரா கட்டி, இன்னொன்றில் இப்போதைய உப்பு. யார் வேண்டுமானாலும் மூட்டையிலிருந்து தங்கள் கையாலேயே ஒரு கட்டி எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். அப்பாவுக்கு வயது 81. அந்தக் குரல் பதிவைக் கேட்டதிலிருந்து தினமும் காலையில் கடைக்கு வந்து அந்த டம்ளர்களுக்கு எதிரில் உட்கார்ந்துகொள்கிறார். கலப்படம் என்ற சொல் எங்கள் கடையோடு சேர்ந்து இதுவரை யார் வாயிலும் வந்ததில்லை. அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

ஆனி மாதம் ஈரான் உப்பு போட்ட சில பாக்கெட்டுகளில் பழைய இமயமலை லேபிளே ஒட்டப்பட்டுவிட்டது. இப்போது சரிசெய்துவிட்டோம்.

அந்தப் பதிவு வந்த அன்றே கடைக்கு வந்து, "எனக்கு எப்போதும்போல அரைக் கிலோ போடு தம்பி" என்று கேட்ட செல்லூர் அம்மாவுக்கும், வெளியூரிலிருந்து போன் செய்து விசாரித்த சித்த வைத்தியர்களுக்கும், தங்கள் குழுவிலேயே எங்களுக்காகப் பேசியவர்களுக்கும் நன்றி சொல்ல வார்த்தை இல்லை. நீங்கள் தந்த தைரியத்தில்தான் மறுநாள் கடை திறந்தோம்.

நிறமோ ருசியோ பிடிக்கவில்லை என்றால் பிரித்த பாக்கெட்டாக இருந்தாலும் கொண்டுவாருங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம். ஞாயிறு மதியம் வரை கடை உண்டு.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்