அந்தப் படத்தில் இல்லாதவர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கின் சுரங்க ரயில் நிலையக் காணொளி ஒன்றை என் பேரன் கைபேசியில் காட்டினான். "எவ்வளவு சுத்தம், அம்மம்மா!" என்று வியந்தான். சரவிளக்குகள், பளபளக்கும் தரை, நேர்த்தியாக உடுத்த மனிதர்கள். வட கொரியாவில் வெளிநாட்டுப் பயணி அரசின் வழிகாட்டி இல்லாமல் நடமாட முடியாது என்பதைக் காணொளி எடுத்தவர் சொல்லவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இது பழைய வித்தை. 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கக் குழு தெரேசியன்ஸ்டாட் யூத முகாமைப் பார்வையிட்டது. அதற்காகவே நாஜிகள் வீடுகளுக்கு வண்ணம் பூசினார்கள், பூச்செடி நட்டார்கள். நெரிசல் தெரியாதிருக்க, மே மாதத்தில் சுமார் 7,500 பேரை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். பிறகு தெரேசியன்ஸ்டாட்டிலேயே பிரசாரப் படமும் எடுத்தார்கள். அதில் பாடிய பிள்ளைகளில் பலர் பின்னர் கொல்லப்பட்டார்கள்.

இலங்கையின் உள்நாட்டு யுத்தகாலத்தில் வெளிநாட்டுக் குழு வருகிறதென்றால் எங்கள் தெருப் பள்ளங்களுக்கு முதல்நாளே கிறவல் கொட்டுவார்கள். வந்தவர்கள் வாகனத்தை விட்டு இறங்கவில்லை. இரண்டு வளவு தள்ளி, காணாமற்போன மகனின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி வேலியோரம் நின்ற தாயை அவர்கள் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன்.

அத்தகைய நாடுகளின் படங்களை வெளியிடும்போது, எடுத்தவரோடு கூடப் போனவர் யார், எங்கே போக விடவில்லை என்று ஒரு வரியாவது சேர்த்து அச்சிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு